நமீபியா சஃபாரி: டிரக்கில் கூடாரமா, சின்ன வண்டியில் லாட்ஜா?

நமீபியாவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை 22 பேர் ஏறிய பெரிய டிரக்கில், தினமும் நாமே கூடாரம் அடித்துப் படுக்கிற வகைப் பயணம். நான்கு வருடம் கழித்து ஏழே பேர் போன லேண்ட் க்ரூஸரில், ராத்திரி எல்லாம் லாட்ஜ் மெத்தை. இரண்டாவதற்கு முதலாவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு செலவானது. பார்த்ததும் மூன்று மடங்கு இருந்திருக்கும் என்றுதான் கேட்கிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டு இடங்களில் மலிவுப் பயணம்தான் அதிகம் காட்டியது. ஓர் இடத்தில் மட்டும் சின்ன வண்டி டிரக்கை எங்கேயோ பின்னால் விட்டுவிட்டது.

ஏன் இப்படி என்று யோசித்ததில் எனக்குப் பிடிபட்டது இது: இங்கே டூரை வண்டியை வைத்து எடை போடக் கூடாது. ராத்திரி பூங்காவின் எந்தக் கேட்டுக்கு உள்ளே படுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். விளம்பரத்தில் வண்டியின் படம் பெரிதாக இருக்கும். படுக்கிற இடம் சின்ன எழுத்தில் இருக்கும்.

பாதை எல்லாருக்கும் ஒன்றுதான்

தலைநகர் வின்ட்ஹுக்கில் கிளம்பி தென்மேற்கே, மணற்குன்றுப் பூங்காவின் வாசலான செஸ்ரியம். அங்கிருந்து சொசுஸ்ஃப்ளை மணற்குன்றுகள். பிறகு கடற்கரையில் ஸ்வாகோப்முண்ட். அப்புறம் வடக்கே டமாராலாந்து, அதைத் தாண்டி எடோஷா தேசியப் பூங்கா, திரும்ப வின்ட்ஹுக். ஏழு நாளிலிருந்து பத்து நாள். வழிகாட்டியோடு போகிற பயணம் பெரும்பாலும் இந்த வட்டம்தான், திசை வேண்டுமானால் மாறும். மொத்தம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது.

நாட்டின் பரப்பு எட்டேகால் லட்சம் சதுர கிலோமீட்டர். 2023 கணக்கெடுப்பில் ஜனத்தொகை முப்பது லட்சம். அதாவது நாள் முழுக்க ஓடினாலும் எதிரே வருகிற வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலும் சரளை மண் ரோடு. துணி துவைக்கிற கல் மாதிரி வரிவரியாக இருக்கும், வண்டிக்குள் பேசுகிற பேச்சே நடுங்கும். இந்த ஆட்டம் டிரக்குக்கும் உண்டு, லேண்ட் க்ரூஸருக்கும் உண்டு. "எங்கள் வண்டி சொகுசு" என்று யாராவது சொன்னால் தார் ரோட்டில் மட்டும் நம்பலாம்.

டிரக் வாழ்க்கை

வெளியே லாரி, உள்ளே பஸ். இருக்கைகள் தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கும், ஜன்னல்கள் பெரியவை. பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்தால் அடுப்பு, பாத்திரம், மடக்கு நாற்காலி எல்லாம் அடுக்கடுக்காக. ஓட்டுநர், வழிகாட்டி, சமையல் என்று இரண்டு மூன்று பேர் கூட வருவார்கள்.

கூடாரம் கனமான கித்தான் துணி. இரண்டு பேர் சேர்ந்தால் பத்து நிமிடம். முதல் நாள் எங்களுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது, காற்று வேறு. மெல்லிய மெத்தை கொடுப்பார்கள், தூக்கப் பையை நாம் கொண்டு போக வேண்டும். ஜூன், ஜூலையில் போனால் நல்ல தடிமனான பையாகப் பாருங்கள். பாலைவனம் என்றதும் வெயிலை மட்டும் நினைக்கிறோம். உட்பகுதியில் குளிர்கால ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும். செஸ்ரியத்தில் ஒரு காலை எழுந்தபோது வெளியே மறந்து வைத்த தண்ணீர் பாட்டிலில் ஐஸ் ஊசி ஊசியாக நின்றது.

வேலைக்கு முறை வைத்திருப்பார்கள். இன்று காய் நறுக்குவது, நாளை பாத்திரம் கழுவுவது. கழுவின தட்டைத் துணியால் துடைக்கக் கூடாது, ஒரே துணியால் இருபது தட்டைத் துடைத்தால் ஒருவர் வயிற்றுக் கோளாறு எல்லாருக்கும் வந்துவிடும் என்றார் எங்கள் சமையல்காரர். ஆளுக்கு இரண்டு தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு காற்றில் வீசி வீசி உலர்த்த வேண்டும். சாயங்காலம் மணல்வெளியில் ஐந்தாறு பேர் வரிசையாக நின்று இறக்கை அடிப்பதைத் தூரத்தில் இருந்து பார்த்தால் பைத்தியக்காரக் கூட்டம் என்றுதான் தோன்றும். எனக்கு அந்தப் பயணத்தில் பிடித்த நேரம் அதுதான்.

குறைகளும் உண்டு. 22 பேர் கழிப்பறை போய் வந்து ஏறுவதற்குள் அரை மணி நேரம் காலி. ஒருவர் தாமதித்தால் எல்லாரும் தாமதம். வழிகாட்டி ஒருவர்தான், அவர் சொல்வது பின்வரிசைக்குக் கேட்காது. இடது பக்கம் சிங்கம் என்றால் வலது பக்கத்தில் இருப்பவர்களுக்கு மற்றவர்களின் முதுகுதான் தெரியும்.

இன்னொரு விஷயம், காசு. முகப்பில் போடுகிற விலை குறைவாக இருக்கும். உள்ளூரில் கட்ட வேண்டியது, நுழைவுக் கட்டணம், விருப்பச் செயல்பாடுகள் என்று பிற்பாடு சேர்ந்துகொண்டே போகும். எது அடக்கம், எது தனி என்று பணம் கட்டும் முன்னால் எழுத்தில் வாங்கிவிடுங்கள். தனியாகப் போகிறவர்களுக்கு டிரக்கில் ஒரு லாபம்: இன்னொருவரோடு கூடாரத்தைப் பகிர்ந்துகொண்டால் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் இல்லை. லாட்ஜ் பயணத்தில் ஒற்றை ஆளுக்கு அறை என்றாலே தனித் தொகை கேட்பார்கள், அது சில்லறையாக இருக்காது.

செஸ்ரியம்: கேட் கதை

பாலைவனத்தில் மணற்குன்று எங்கே ஓடிவிடப் போகிறது, எப்போது போனால் என்ன என்று கேட்கலாம். நேரம்தான் அங்கே எல்லாம். சூரியன் சாய்வாக இருக்கும்போது குன்றின் ஒரு பக்கம் செம்மண் நிறத்தில் எரியும், மறுபக்கம் கரி போலக் கறுத்திருக்கும். நடுவே முகடு கத்தி போல வளைந்து போகும். பத்து மணிக்கு அந்த நிழல் போய்விடும். குன்று வெறும் மண் குவியலாகிவிடும், காலும் சுடும்.

செஸ்ரியத்தில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கேட்டுகள். வெளிக் கேட் சூரிய உதயத்துக்குத்தான் திறக்கும். உள்கேட் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே திறக்கும். இரண்டுக்கும் நடுவில்தான் அரசுக் கூடார மைதானம் இருக்கிறது. அங்கே தங்கியவர்கள் இருட்டிலேயே கிளம்பிவிடலாம். உள்கேட்டிலிருந்து சொசுஸ்ஃப்ளைக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல். ஆக வெளியே தங்கியவர்கள் என்னதான் அவசரப்பட்டாலும் நல்ல வெளிச்சத்தில் பாதியை ரோட்டிலேயே செலவழிக்க வேண்டும்.

என் முதல் பயணத்தில் கூடாரம் உள்ளே. 45 ஆவது கிலோமீட்டரில் இருப்பதால் டூன் 45 என்று பெயர் பெற்ற குன்றின் மேல் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது சூரியன் அப்போதுதான் எட்டிப் பார்த்தது. இரண்டாவது பயணத்தில் லாட்ஜ் வெளியே, அரை மணி தூரத்தில். நீச்சல் குளம் இருந்தது, தலையணையில் சாக்லேட் இருந்தது. காலையில் வெளிக் கேட்டில் பதினைந்து வண்டிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றோம். சூரியன் கண்ணெதிரே, வண்டிக்குள்ளேயே உதித்தது. மூன்று மடங்கு காசு!

எல்லா டிரக்கும் உள்ளேதான் தங்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியே தனியார் மைதானத்தில் போடுகிறவையும் ஏராளம். உள்ளே தங்கவைக்கிற லாட்ஜ் பயணங்களும் உண்டு, தனக்கென்று சொந்த வாயில் வைத்திருக்கிற லாட்ஜும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சின்ன வண்டிக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது. தார் ரோடு முடிந்த பிறகு கடைசி ஐந்து கிலோமீட்டர் ஆழமான மணல். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும், டயரில் காற்றை இறக்க வேண்டும். லேண்ட் க்ரூஸர் நேராகப் போய்விடும். டிரக் அங்கேயே நின்றுவிடும், மணல் வண்டிக்கு மாற வேண்டும். அதற்கும் காத்திருப்பு.

சொசுஸ்ஃப்ளைக்குப் பக்கத்தில் இருக்கிற டெட்ஃப்ளையில் எந்த வண்டியில் வந்தீர்கள் என்பது மறந்துபோகும். வெள்ளைக் களிமண் தரை, சுற்றிலும் செம்மணல் மலை, நடுவே கறுத்து நிற்கிற வேல மர வகை. செத்து அறுநூறு எழுநூறு வருடம் ஆகிறது. ஆற்றை மணல் அடைத்துக்கொண்டதால் காய்ந்தன, காற்றில் ஈரமே இல்லாததால் மக்கவும் இல்லை. மரத்தின் அருகில் போய்ப் பாருங்கள், பட்டையின் வரிகூட அப்படியே இருக்கும். தொடாதீர்கள். கால் வலிக்கு அஞ்சாதவர்கள் பக்கத்தில் 300 மீட்டருக்கு மேல் நிற்கிற பிக் டாடி குன்றில் ஏறி, மறுபக்கச் சரிவில் ஓடி இறங்கலாம். ஏறுவதற்கு இரண்டு மணி நேரம், இறங்குவதற்குப் பத்து நிமிடம். 22 பேர் கூட்டத்தில் இதற்கு நேரம் கிடைக்காது. ஏழு பேரில் கிடைத்தது.

ஸ்வாகோப்முண்ட்

இங்கே அநேகமாக எந்தப் பயணமாக இருந்தாலும் கூரைக்குக் கீழேதான் தூங்குவீர்கள். டிரக்காரர்களும் கூடாரத்தை மடித்துவிட்டு நம்மை அறையில் தங்கவைப்பார்கள். காலையில் பனிமூட்டம், ஜெர்மன் காலத்துக் கட்டடங்கள், நல்ல காப்பி. பக்கத்து ஊரான வால்விஸ் பேவுக்குப் போனால் உப்பங்கழியில் பூநாரைகள். ஆகவே ஒப்பிட ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர.

ஊருக்குத் தெற்கே மணல்மேடுகளுக்குள் அரை நாள் கூட்டிப் போய்ச் சின்ன உயிர்களைக் காட்டுகிற ஒரு பயணம் உண்டு. டிரக்கில் இது விருப்பச் செயல்பாடு, தனிக் காசு. நான் மணலில் நாலு சக்கர பைக் ஓட்டப் போய்விட்டேன். இன்றைக்கும் அதை நினைத்து நொந்துகொள்கிறேன். இரண்டாவது முறை இது கட்டணத்திலேயே அடக்கம். வழிகாட்டி வண்டியை நிறுத்திவிட்டு வெறும் மணலைக் காட்டி "இங்கே என்ன இருக்கிறது?" என்றார். ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, இன்னும் குனிந்து பார்த்தபோது இரண்டு கடுகு அளவுப் புள்ளிகள். கண்கள். விரியன் பாம்பு ஒன்று உடம்பை மொத்தமாக மணலில் புதைத்து, தலையின் உச்சியில் இருக்கிற கண்களை மட்டும் வெளியே விட்டுக் காத்துக்கொண்டிருந்தது. பாத விரல்களுக்கிடையே சவ்வு கொண்ட பல்லி ஒன்றும் கிடைத்தது. உள்ளே ஓடுகிற ரத்தம் தெரிகிற அளவுக்குத் தோல். இமை கிடையாது, நாக்காலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டது. கடல் பனி இறங்குகிற காலையில் தலைகீழாக நின்று, முதுகில் படிகிற நீரை வாய்க்கு வழியவிட்டுக் குடிக்கிற வண்டும் இந்தப் பாலைவனத்து உயிர்தான். அன்று பனி இல்லை, அது சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

எந்த டூர் எடுத்தாலும் இதைத் தனியாகவாவது பதிவு செய்துவிடுங்கள்.

டமாராலாந்து: இங்கேதான் காசு பேசுகிறது

வடமேற்கில் இருக்கிற இந்தக் கல்லுக்காட்டுக்கு வேலி கிடையாது, கேட் கிடையாது. பூங்கா இல்லாத நிலத்தில் யானையும் சிங்கமும் கறுப்புக் காண்டாமிருகமும் ஆட்டு மந்தைகளுக்கு நடுவே நடமாடுகின்றன. 1996 இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கிராமத்தார் கூடித் தங்கள் நிலத்தைக் காப்புப் பகுதியாகப் பதிவு செய்துகொள்ளலாம், விலங்கினால் வருகிற சுற்றுலா வருமானம் அவர்களுக்கு. முதல் பதிவுகள் 1998 இல். இப்போது நாடு முழுக்க எண்பதுக்கு மேல் இருக்கின்றன. குரூட்பெர்க் மலைமுகட்டில் இருக்கிற லாட்ஜ் முழுக்க முழுக்க அப்படி ஓர் ஊர்க் கூட்டமைப்புக்குச் சொந்தம்.

டிரக் பயணத்தில் டமாராலாந்துக்குக் கிடைத்தது ஒரே ராத்திரி. மத்தியானம் பன்னிரண்டரைக்கு ட்வைஃபல்ஃபொன்டைன் பாறைச் செதுக்கல்களில் இறக்கிவிட்டார்கள். 2007 இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம், நாட்டின் முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். இரண்டாயிரத்துக்கு மேல் செதுக்கல்கள். ஆனால் செம்பாறை அடுப்பு போல அனல் கக்குகிற நேரத்தில் யாருக்குக் கலை ரசனை வரும்? பாதிப் பேர் நிழலைத் தேடி உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாவது முறை காலை எட்டு மணிக்குப் போனோம். இங்கே உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், அது யாருக்கும் பொது. எங்களோடு வந்த பெண் ஒரு சிங்கத்தைக் காட்டி "விரலை எண்ணுங்கள்" என்றார். ஐந்து. சிங்கத்தின் காலடித் தடத்தில் நான்குதான் பதியும். ஆகவே இது சிங்கமாக மாறிக்கொண்டிருக்கிற மனிதன், பூசாரி என்பது ஆய்வாளர்கள் சொல்கிற விளக்கம் என்றார். கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் கடல்நாயும் பெங்குவினும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். முதல் முறையும் இதே பாறைகளைத் தாண்டித்தான் நடந்திருப்பேன். ஒன்றும் ஞாபகமில்லை.

யானை விஷயத்துக்கு வருகிறேன். வறண்ட ஆற்றுப்படுகைகளில்தான் பாலைவன யானைகள் திரியும். தனி இனம் ஒன்றுமில்லை, அதே ஆப்பிரிக்க யானைதான். நீண்ட தூரம் நடந்து, தண்ணீர் இல்லாமல் சில நாட்களைத் தள்ளப் பழகிக்கொண்டவை. டிரக் ஆற்று மணலில் இறங்க முடியாது. சின்ன வண்டி இறங்கும், ஆனால் வழி தெரிந்த ஆள் வேண்டும். எங்கள் வழிகாட்டி அந்தப் பக்கத்து ஊர்க்காரரான ஒரு தடம் பார்ப்பவரை ஏற்றிக்கொண்டார். அவர் முதலில் கண்ட சாணியில் கையை விட்டார், தலையை ஆட்டினார். ஆறிப்போயிருந்தது. அடுத்ததை உடைத்து உள்ளே இருந்த விதைகளைக் காட்டினார், ஆனா மரத்தின் காய். "மரம் எங்கே காய்த்திருக்கிறதோ அங்கே போவோம்" என்றார். மரத்துக்கு ஆனா என்று பெயர், தின்பது ஆனை. சிரிப்பு வந்தது, சொன்னால் அவருக்குப் புரிந்திருக்காது.

ஒன்றரை மணி நேரம். மூன்றாவது சாணி சூடாக இருந்தது. வளைவில் திரும்பியதும் இன்ஜினை நிறுத்தினார். தாய் யானை ஒன்று தும்பிக்கையால் மரக்கிளையைப் பிடித்து உலுக்கியது, காய்கள் மழை மாதிரி உதிர்ந்தன, குட்டி கீழே நின்று பொறுக்கிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் இருந்தோம். வேறு வண்டி இல்லை. யானை காதை விரித்த மறுகணம் அவர் கையைக் காட்டினார், பின்வாங்கிவிட்டோம்.

அந்த நாற்பது நிமிடத்துக்கும் டிரக் பயணத்துக்கும் ஒப்பீடே கிடையாது. டமாராலாந்துதான் உங்கள் ஆசை என்றால் சின்ன வண்டிக்குக் கொடுங்கள், குறைந்தது இரண்டு ராத்திரி கேளுங்கள். வழிப்போக்காக ஒரு ராத்திரி வைத்திருக்கிற லாட்ஜ் பயணமும் எனக்கு டிரக் மாதிரிதான்.

எடோஷா: சமத்துவபுரம்

22 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த பூங்கா, நடுவே சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் வெள்ளை உப்புப் படுகை. 1907 முதல் பாதுகாக்கப்படுகிறது. மழை நின்ற மே முதல் அக்டோபர் வரை தண்ணீர் நீர்க்குட்டைகளில் மட்டும் நிற்கும். விலங்கைத் தேடி ஓட வேண்டாம். குட்டை ஓரத்தில் நிறுத்திக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், வரிக்குதிரை, ஓரிக்ஸ் மான், ஒட்டகச்சிவிங்கி என்று அவையே வரும். எருமையும் நீர்யானையும் இங்கே இல்லை, அதற்கு வேறு ஊர் பார்க்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை போனால் பச்சைப் பசேல் என்றிருக்கும். எங்கும் தண்ணீர், விலங்கு எல்லாம் சிதறிவிடும்.

பகலில் சின்ன வண்டிக்கு ஒரு மதிப்பெண் கூட: மேற்கூரை உயரும், ஏழு பேரும் எழுந்து நின்று எல்லாப் பக்கமும் பார்க்கலாம். டிரக்குக்கு உயரம் கைகொடுக்கும், புதருக்கு அப்பால் படுத்திருக்கிற சிங்கம் எங்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. முகாமையும் வேலி போட்ட ஒன்றிரண்டு கழிப்பிடங்களையும் தவிர எங்கேயும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இரண்டு வகையிலும் சிறுநீரை அடக்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஆனால் எடோஷா நடப்பது ராத்திரி. பூங்காவுக்குள் ஓகாகுவேயோ, ஹலாலி, நமுடோனி என்று அரசு முகாம்கள், ஒவ்வொன்றிலும் விளக்குப் போட்ட நீர்க்குட்டை. சூரியன் மறைந்ததும் பூங்கா கேட் மூடிவிடும். வெளியே லாட்ஜில் தங்குகிறவர்கள் அதற்குள் வெளியேறிவிட வேண்டும். உள்ளே தங்குகிறவர்களுக்கு விடிய விடியக் குட்டை திறந்தே இருக்கும், கூடாரக்காரருக்கும் அறைக்காரருக்கும் ஒரே பெஞ்சு.

ஓகாகுவேயோவில் கூடாரத்திலிருந்து தூக்கப் பையோடு நடந்து போய்க் கல்சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மணி பதினொன்று இருக்கும். மஞ்சள் வெளிச்சம், எதிரே ஒன்றுமில்லை. திடீரென்று இருட்டிலிருந்து ஒரு பாறை நகர்ந்து வந்தது. கறுப்புக் காண்டாமிருகம். நின்று நின்று, மோந்து மோந்து வந்தது. உதடு தண்ணீரைத் தொட்டதும் குட்டையில் தலைகீழாகத் தெரிந்த இன்னொரு காண்டாமிருகம் உடைந்து அலையாகப் போனது. அது உறிஞ்சுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தோம், ஒருவரும் இருமக்கூட இல்லை. பிறகு இன்னொன்று வந்தது, குட்டியோடு. அப்புறம் யானைக் கூட்டம் வர, காண்டாமிருகங்கள் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டன. விடியற்காலை மூன்றரைக்குத்தான் போய்ப் படுத்தேன்.

இரண்டாவது பயணத்தில் லாட்ஜ் கேட்டுக்கு வெளியே. சாப்பாடு ஏழு வகை, வெள்ளை மேஜைவிரிப்பு. பத்து மணிக்கு அறையில் படுத்துக்கொண்டு, இப்போது குட்டையில் என்ன வந்திருக்கும் என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகாம் அறைகள் சுமார்தான், பராமரிப்பைப் பற்றிப் பலரும் குறைப்படுகிறார்கள். படட்டுமே. அங்கே யார் தூங்கப் போகிறார்கள்?

தனி வழிகாட்டி, இல்லாவிட்டால் நாமே ஓட்டுவது

நான்கு ஐந்து பேர் ஒரே குடும்பமாகப் போனால் தனி வண்டியும் வழிகாட்டியும் வைத்துக்கொள்வது தலைக்குப் பார்த்தால் சின்னக் குழு லாட்ஜ் பயணத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வயதானவர்கள், குழந்தைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்பார்கள். இரண்டு பேருக்கு இது கட்டுப்படியாகாது.

நாமே ஓட்டலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஓட்டலாம். இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், வழி தவறுவதற்கு அவ்வளவு ரோடு இல்லை. சரளை ரோட்டில் சட்டப்படி 100 வரை போகலாம், பழகியவர்கள் 80 ஐத் தாண்டாதே என்பார்கள். அந்த 80 ஐத் தாண்டி, வளைவில் பிரேக் போட்டு உருண்டவர்கள்தான் அதிகம். இருட்டினால் ஓட்டக் கூடாது, குடு மான் குறுக்கே பாயும், வாடகை வண்டிக் காப்பீடும் பெரும்பாலும் ராத்திரி விபத்தை ஏற்காது. சொசுஸ்ஃப்ளைக்கும் எடோஷாவுக்கும் சொந்தமாக ஓட்டுவது நன்றாகவே சரிப்படும். ஆற்றுப்படுகையில் மட்டும் தனியாக இறங்காதீர்கள். மணலில் புதைந்தால் இழுக்க ஆள் வராது, யானையின் வழியை மறித்துக்கொண்டு நிற்பீர்கள்.

சாப்பாடு

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரே இறைச்சி சுடுகிற ஊர். ஓரிக்ஸ், குடு எல்லாம் தட்டில் வரும். முன்கூட்டியே எழுதிச் சொல்லியும் லாட்ஜ்களில் என் மனைவிக்குத் தொடர்ந்து நான்கு ராத்திரி பாஸ்தா கொடுத்தார்கள். டிரக்கில் நிலைமை மேல், காயை நறுக்குவதே நாம்தானே. சமையல்காரரிடம் மிளகாய்ப் பொடி டப்பாவைக் கொடுத்தோம், மூன்றாம் நாளிலிருந்து அவரே கேட்டு வாங்கிப் போட ஆரம்பித்தார். அசைவக்காரர்களுக்கும் ஒரு கூத்து: கால்நடை நோய்த் தடுப்பு வேலியைத் தாண்டித் தெற்கே பச்சை இறைச்சி கொண்டு வரக் கூடாது, சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். அதனால் எடோஷாவின் கடைசி ராத்திரியில் மிச்சமிருந்த கறி மொத்தத்தையும் சுட்டுத் தள்ளினார்கள்.

பணம் நமீபிய டாலர். தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சரிக்குச் சரி, ராண்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். மிஞ்சின நமீபிய டாலரை அங்கேயே செலவழித்துவிட்டு வாருங்கள், வெளியே மாற்றுவது பெரும்பாடு. மூட்டை துணிப்பையாக இருக்கட்டும், சக்கரம் வைத்த பெட்டி எந்த வண்டியிலும் நுழையாது.

என் கணக்கு

முப்பது வயதுக்குள், தனி ஆள், பணம் இறுக்கம்: டிரக். தயங்க வேண்டாம், செஸ்ரியத்திலும் எடோஷாவிலும் கேட்டுக்கு உள்ளே படுக்கிற டிரக்காகப் பார்த்தால் போதும். முதுகு வலி, முழங்கால் வலி இருக்கிறவர்கள் லாட்ஜ் பயணம், ஆனால் எடோஷாவில் ஒரு ராத்திரியாவது ஓகாகுவேயோ அறையில் போடச் சொல்லிச் சண்டை பிடியுங்கள்.

எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அப்படியும் இருக்கிறது: ஏழெட்டுப் பேர், மணலில் இறங்குகிற வண்டி, ஆனால் படுக்கை கூடாரத்தில். பல நிறுவனங்கள் நடத்துகின்றன. டிரக்கை விடக் கூட, லாட்ஜை விட நன்றாகவே குறைவு. அடுத்த ஆகஸ்ட்டுக்கு ஒன்றிடம் பயணத் திட்டம் வாங்கியிருக்கிறேன். டமாராலாந்தில் இரண்டு ராத்திரி, எடோஷாவில் மூன்று, மூன்றும் உள்ளே. எல்லாம் சரி. செஸ்ரியத்துக்கு நேராக மட்டும் "பூங்கா வாயிலுக்கு மிக அருகில்" என்று போட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கம் அருகில் என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் முன்பணம்.